பெருந்தொகை வந்த மறுநாள்

அக்கரப்பத்தனை மலைகளில் மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், லயத்துக்குத் திரும்புகிறவர்களுட் சிலர் கடைவீதியில் சற்று நின்று லொத்தர்ச் சீட்டு ஒன்றை வாங்கி மடித்துக்கொள்வதுண்டு. வாங்கியவர் மனத்தில் அன்றிரவு ஒரு கணக்கு ஓடும். வீடு கட்டலாம், மகளைப் படிக்க வைக்கலாம், அடகு வைத்த நகையை மீட்கலாம், கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கொடுக்கலாம் என்று அது நீளும். இந்த ஆசையில் குற்றமில்லை. ஆயினும் அது முழுவதும் செலவுக் கணக்காகவே இருக்கிறது. வந்த பணத்தைக் காப்பது எவ்வாறு என்ற கணக்கு அதில் இடம்பெறுவதில்லை. அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் சரியாகப் பொருந்தினால் முதற்பரிசு என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறு அமையக்கூடிய சேர்க்கைகள் 2 கோடியே 60 இலட்சம். அவற்றுள் ஒன்றே நம் கையில் இருக்கிறது. ஆதலின் லொத்தர் ஒரு வருமான வழியன்று. எனினும் யாரோ ஒருவருக்கு அது விழத்தான் செய்கிறது. விழுந்தவர் என்ன செய்ய வேண்டும்?

சீட்டு என்பது வைத்திருப்பவருக்கே உரியதாகக் கருதப்படும் காகிதம். ஆகையால் பரிசு விழுந்தது என்று அறிந்தவுடன், அதன் பின்புறத்தில் தம் பெயரையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிரதி ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். முடிவை விற்பனையாளர் ஒருவர் வாய்ச்சொல்லால் மட்டும் அறியாது, பத்திரிகையிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "இதை என்னிடம் தாருங்கள், நான் மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் சீட்டைக் கொடுத்தலாகாது. சீட்டை வெளியிட்ட சபையின் அலுவலகத்துக்கு, நம்பிக்கையான உறவினர் ஒருவருடன், குறித்த காலத்துக்குள் நேரே செல்வதே முறை.

அடுத்து வருவது இதனினும் கடினமானது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரள அரசின் ஓணம் லொத்தரில் 25 கோடி இந்திய ரூபா முதற்பரிசு திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. செய்தி நாடெங்கும் பரவியது. ஒரு வாரம் கழியுமுன்னரே அவர் மனம் நொந்து பேசினார். உதவி கேட்டு வருவோர் கூட்டத்தால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றும், சிறிய பரிசு விழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றும் கூறினார். அப்பொழுது பணம் அவர் கைக்கு வந்திருக்கவேயில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் வருவதற்கு முன்பே அமைதி போய்விட்டது. அதன் பின்னர், பரிசு பெறுவோருக்கு நிதி நிர்வாகப் பயிற்சி அளிக்கக் கேரள அரசு முன்வந்தது.

நகரத்து வீட்டிலேயே இந்நிலையென்றால், லயத்தில் எவ்வாறிருக்கும்? ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அங்கே இரகசியம் நிலைக்காது. பிறந்தது முதல் உடன் வளர்ந்தவர்களிடமும், மாமன் மைத்துனரிடமும் "இல்லை" என்று சொல்ல நா எழாது. அத்தகைய இடத்தில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கடன்களை அடைத்து, ஆறு மாதச் செலவுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய தொகையை நிலையான வைப்பில் இட்டுவிடுவது. கேட்டு வருவோரிடம், "பணம் வைப்பில் இருக்கிறது, காலம் முடியும் வரை அதை எடுப்பதாக இல்லை" என்று சொல்லலாம். அது பொய்யுமன்று, முகத்தை முறிப்பதுமன்று. நம்மால் மறுக்க இயலாததை வங்கிப் பத்திரம் மறுத்துவிடும். அந்த இடைவெளியில் மனமும் தெளியும்.

இத்தாமதத்தின் பயன் வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 50,000 முதல் 150,000 டொலர் வரை வென்றவர்களைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதலிரண்டு ஆண்டுகளில் அவர்களுட் கடனால் முறிந்தோர் குறைவு. அதன்பின் மூன்றாண்டுகளில் அதிகம். பரிசு வீழ்ச்சியை ஒத்திவைத்ததே அன்றித் தடுக்கவில்லை. சுவீடனில் பெரும் பரிசு வென்றோரைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வோ, பத்தாண்டுகளுக்குப் பின்னரும் அவர்கள் வாழ்வில் நிறைவு கூடியிருந்ததைக் காட்டுகிறது. பணமே சாபம் என்பது மெய்யன்று என்பது இதனால் விளங்கும்.

பணத்தை எங்கே வைப்பது? தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கம் முழு உத்தரவாதம் அளிக்கிறது. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற பிற வங்கிகளில், ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,100,000 ரூபா வரையே வைப்புக் காப்புறுதி உண்டு என 2021இல் வரையறுக்கப்பட்டது. ஆதலின் பெருந்தொகையை ஒரே இடத்தில் குவித்தலாகாது. மாதம் பத்து வீதம் வட்டி என்று வீடு தேடி வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதே வேளையில், வைப்பில் இட்டதோடு கடமை முடிந்தது என்றும் இருக்க இயலாது. 2022 செப்டம்பரில் நம் நாட்டில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. சும்மா கிடக்கும் பணம் அத்தகைய காலத்தில் தேய்ந்துபோகும். ஆகவே ஒரு பகுதி காணியாகவும், ஒரு பகுதி பிள்ளைகளின் கல்வியாகவும் மாற வேண்டும்.

காணி என்றவுடன் மலையகத்தார் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தோட்டக் காணிகளிற் பெரும்பகுதி அரசுக்குரியது. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது. மூன்று தலைமுறை வாழ்ந்த காம்பராவாயினும், உறுதியில்லாவிடில் அது நமதன்று. அதன்மேல் மாடி எழுப்பிப் பெரும்பணத்தைப் போடுவது பிறர் நிலத்தில் பயிர் வைப்பதை ஒக்கும். தலவாக்கலையிலோ ஹற்றனிலோ சிறு துண்டுக் காணியாயினும், காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடிப் பார்த்து, நொத்தாரிசு முன்னிலையில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதிக்கொள்வதே நலம்.

கொடுப்பதும் வேண்டும். அதையும் கணக்கோடு செய்தல் நன்று. பத்தில் ஒன்று என்றோ, வேறு அளவென்றோ முன்கூட்டியே குடும்பமாக இருந்து முடிவுசெய்யுங்கள். கொடுத்தால் கொடையாகக் கொடுங்கள். திரும்பாத கடனாகக் கொடுத்து உறவையும் இழந்துவிடாதீர்கள். பிறர் கடனுக்குப் பிணைக் கையொப்பம் இடாதீர்கள்.

நேயர்களே, "இவையெல்லாம் லொத்தர் விழுந்தவருக்குத்தானே, நமக்கேது?" என்று நீங்கள் எண்ணக்கூடும். உங்களுக்கும் ஒரு பெருந்தொகை வரவிருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். அதனோடு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை, அதாவது சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தைக் கொண்டு பார்த்தாலே, 30 ஆண்டு உழைத்தவருக்கு 567,000 ரூபா வரும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே மொத்தமாக வரும் பணம் இது. அதிட்டத்தால் வருவதன்று, முதுகிற் கூடை சுமந்து வந்தது. ஆயினும் சில மாதங்களில் கல்யாணச் செலவிலும் கைமாற்றிலும் கரைந்துபோவதைக் கண்டிருக்கிறோம்.

ஆகவே இன்றே செய்யத்தக்க வேலைகள் சில உள. அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் சேமலாப நிதிப் பதிவிலும் உங்கள் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டிருந்தால் ஓய்வுபெறும் முன்பே திருத்துங்கள். பெண்கள் தம் பெயரிலேயே வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். மனைவியின் சம்பளத்தைக் கணவர் வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. ஓய்வுப் பணத்திலாவது அது தொடராதிருக்கட்டும்.

ஒரு காலத்தில் "துண்டு" என்றொரு காகிதம் தோட்டத் தொழிலாளரின் கடனைச் சுமந்து, அவர்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் நகர்த்தியது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தத் துண்டில் எழுதிய கணக்கைத் தொழிலாளர் படித்ததில்லை. பிறர் எழுதினர், பிறர் படித்தனர். இன்று நம் பெயரில் வரும் பணத்தின் கணக்கை நாமே எழுதி, நாமே படிக்க முடியும். லொத்தரில் வந்தாலும் உழைப்பில் வந்தாலும், அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பிறர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.