கடல் கொடுத்த கல்



அமீரகத்தில் பழைய கட்டடம் ஏது, எல்லாம் நேற்று எழுந்த கண்ணாடிக் கோபுரங்கள்தானே என்று நமக்குள் ஒரு பேச்சு உண்டு. ஆனால் 1992இல் அபுதாபியின் சர் பனி யாஸ் தீவில் ஒரு கிறிஸ்தவ மடாலயத்தின் இடிபாடுகள் கிடைத்தன. உம் அல் குவைனின் சினியா தீவில் இன்னொன்று இருப்பதை 2022இல் அறிவித்தார்கள். இரண்டிலும் தேவாலயம் உண்டு. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் அங்கே துறவிகள் வாழ்ந்தார்கள்.

இன்று நான் பேசப்போவது அந்தச் சுவர்களின் கல்லைப் பற்றி.

அது மலையில் வெட்டிய கல் அல்ல. சினியாவில் இருப்பது கடற்கரைப் பாறை. அலை ஏறி இறங்கும் இடத்தில் வெயில் கடல்நீரை வற்றவைக்கும்போது, நீரிலுள்ள சுண்ணாம்பு மணலையும் சிப்பியையும் ஒட்டிப் பலகை பலகையாக இறுக்கிவிடுகிறது. இதற்குச் சில பத்தாண்டுகளே போதும். சில நாடுகளின் கரைகளில் இந்தப் பாறைக்குள் கண்ணாடிப் புட்டிகள்கூடச் சிக்கியிருக்கின்றன. வளைகுடாவில் இதற்கு 'ஃபரூஷ்' என்று பெயர். இதற்கு உறவான பவளக்கல்லை துபாய் அல் ஃபஹீதியின் பழைய வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இவை துளை நிறைந்த கற்கள். உள்ளே புகுந்த உப்பு படிகமாகும்போது கல்லை உதிர்த்துவிடும். அதனால் மேலே சுண்ணாம்புப் பூச்சு வேண்டும். சிப்பியையோ பவளத்தையோ காளவாயில் சுட்டு, நீற்றிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல்லாகிறது. சர் பனி யாஸில் கிடைத்த சிலுவைகளும் சாந்தில் செய்தவைதான்.

இப்போது தனுஷ்கோடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் கூரையில்லாமல் நிற்கும் அந்தத் தேவாலயமும் பவளக்கல்தான். பூச்சு போன இடத்தில் பூப்பூவாகத் தெரியும் ஒவ்வொரு குழியிலும் ஒரு சிற்றுயிர் குடியிருந்தது. வளைகுடாத் தேவாலயங்களை மண் மூடிக் காத்தது. தனுஷ்கோடிச் சுவரோ உப்புக் காற்றில் திறந்து நிற்கிறது.

உதிர்ந்த கல்லுக்கு மாற்றுக் கல் வெட்ட முடியாது. 2001 முதல் பவளம் இந்திய வனவிலங்குச் சட்டம் காக்கும் உயிர், அது சரியும்கூட. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு கல்லைத் தின்னும். மிஞ்சியிருப்பது சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களின் கைதான். அந்தக் கை இருக்கும்போதே வேலை நடக்க வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சுவரில் சாயாதீர்கள். நினைவுக்கென்று ஒரு துண்டும் எடுத்துவராதீர்கள்.