சிக்னல் குன்றில் கேட்ட மூன்று புள்ளிகள்

வானொலி கேட்போர் யாவரும் அறிந்திருக்கத் தக்க குன்று ஒன்று உண்டு. கனடா நாட்டின் கீழ்க்கோடியில், நியூபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தின் வாயிலில் அது நிற்கிறது. கப்பல் வரவைக் கண்டு கொடியேற்றி வணிகர்க்கு அறிவித்த இடமாதலின் அதற்குச் சிக்னல் குன்று என்பது பெயர்.

உச்சிவரை மோட்டார் செல்லும். ஆயினும் நான் என் மகளுடன் நடந்தே ஏறினேன். மீனவர் குடியிருப்பைக் கடந்தவுடன் பாதை பாறை விளிம்பை ஒட்டிச் செல்கிறது. ஓரிடத்தில், பாறையில் அறைந்துள்ள இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டே நகரவேண்டும்; கீழே அட்லாண்டிக் மாகடல் மோதுகிறது. அப்பால் மரப்படிகள், என் முழங்கால்கள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணின! உச்சியில் 1900-இல் கட்டி முடித்த காபட் கோபுரம். தென்கிழக்கே ஸ்பியர் முனையின் கலங்கரை விளக்கம் தெரிகிறது. கிழக்கே அயர்லாந்து வரை நீரன்றி வேறில்லை.

இக்குன்றின்மேல், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில், 1901 டிசம்பர் 12 நண்பகலுக்குச் சற்றுப் பின், மார்க்கோனி காதுக்குழலை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். வெளியே கடுங்காற்றில் ஒரு பட்டம் ஏரியல் கம்பியை உயரத் தூக்கிப் பிடித்திருந்தது. இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து, சுமார் 3,400 கிலோமீட்டர் கடந்து, 'எஸ்' எழுத்துக்குரிய மூன்று புள்ளிகள் வந்தன என்றார்.

கேட்டவர் அவரும் உதவியாளர் கெம்ப்பும் மட்டுமே. நாடாவில் பதிவு இல்லை. எந்த எழுத்து வரும் என்பதும் முன்னரே தெரியும். வான்வெளி இரைச்சலையே எதிர்பார்த்த காது எழுத்தாகக் கொண்டதோ என்று அறிஞர் சிலர் அன்றே ஐயுற்றனர். அதனைப் பொறாமை என்று தள்ளுவாரும் உளர். எனக்கோ அது முறையான ஐயமாகவே தோன்றுகிறது.

மார்க்கோனியும் அதனை அலட்சியம் செய்யவில்லை. 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்னும் கப்பலில் ஏறி, போல்டுவின் குறிகளை நாடாவில் பதித்து, கப்பல் தலைவரைச் சான்றாக வைத்தார். இரவில் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வரை பதிவு கிட்டிற்று. பகலிலோ சுமார் 1,100 கிலோமீட்டருடன் குறிகள் நின்றன. தொலைவழி மெய்யாயிற்று, ஆனால் நண்பகலில் கேட்டேன் என்ற பழைய கூற்று முன்னினும் ஐயத்துக்குரியதாயிற்று!

அலைகளை வளைத்துத் திருப்பும் மேல்வான அடுக்கை ஆப்பிள்டன் 1924-இல் மெய்ப்பித்தார். பகலொளி அவ்வலைகளை நலியச் செய்கிறது என்பதும் விளங்கிற்று. அந்த மருத்துவமனை இன்று இல்லை. அன்று அங்கே கேட்டது என்ன என்பதைப் பொறியியல் அறிஞர்கள் இன்னும் கணக்கிட்டு வாதிடுகின்றனர்.