விழுந்த மரத்தை வெட்டும்போது



2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றினால், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிச் செம்மண் மேட்டில் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சில மணி நேரத்தில் சாய்த்துப் போட்டதை கடலூர் மாவட்டத்தில் மறந்தவர் எவரும் இரார். புயலின் சேதத்தைப் பற்றிப் பலரும் விஸ்தாரமாகப் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேச விரும்புவது, காற்று ஓய்ந்து வெயில் அடித்த பிறகு, வழியை மறித்தும் கூரையை அழுத்தியும் கிடக்கும் மரங்களை அப்புறப்படுத்தக் கோடாரியும் மெஷின் ரம்பமுமாகப் புறப்படுகிற மனிதர்களின் க்ஷேமத்தைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று ஆண்டுதோறும் புயலை எதிர்நோக்கி வாழும் நமக்கு இது அவசியமான விஷயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் மின்கம்பி. மரத்தின் எந்தக் கிளையிலாவது ஒரு கம்பி பட்டுக் கிடந்தால், ஊரில் மின்சாரமே இல்லையென்று யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், மின்வாரியத்தார் வந்து பார்த்து இணைப்பைத் துண்டிக்கும்வரை அந்த மரத்தின் அருகே போகலாகாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தைவிட அபாயகரமானது என்று சொன்னால் சிலர் ஒப்புவதில்லை; இனி அது எங்கே விழப் போகிறது என்ற அலட்சியம் மனத்தில் வந்துவிடுகிறது. ஆனால், சாய்ந்த பலா ஒன்றின் அடிப்பகுதி ஒரு வரப்பின் மீதும் தலைப்பகுதி தன் கிளைகளின் மீதும் தாங்கிக் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் தாங்கலுள்ள அந்த மரம் தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ய, மேற்புறத்து நார்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டும் கீழ்ப்புறத்து நார்கள் இழுபட்டு விறைத்தும் இருக்கின்றன. மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விவிடும். ஆகையால் மேற்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேல்நோக்கி அறுத்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருக்க, மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைக்கு விஷயம் நேர்மாறானது. அங்கே மேற்புறம்தான் விறைத்திருக்கிறது. முதல் வெட்டு கீழே, முடிக்கும் வெட்டு மேலே. வளைந்து, நுனி எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும் இளங்கிளை, நாணேற்றிய வில்லுக்குச் சமானம். அதை ஒரே வெட்டாக வெட்டினால் எகிறி முகத்தில் அடிக்கும். வளைவின் உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்கி, விசை தளர்ந்த பின்னரே துண்டிக்க வேண்டும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் இன்னொரு அபாயம் உண்டு. மண்ணை அள்ளிக்கொண்டு செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் தூரை, அதோடு சேர்ந்திருக்கும் மரத்தின் பாரமே அப்படிப் பிடித்து வைத்திருக்கிறது. அடிமரத்தை அறுத்து எடுத்த கணத்தில், பல நூறு கிலோ எடையுள்ள அந்தத் தூர், தான் பெயர்ந்து வந்த பள்ளத்துக்குள்ளேயே திரும்ப விழக்கூடும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகள் இறங்கி நிற்பது அந்தப் பள்ளத்தில்தான். ரம்பத்தை ஓட்டுவதற்கு முன்பு, தூரின் பின்புறம் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாக வேண்டும்; வேலை முடியுமட்டும் அங்கே ஒருவர் காவலும் நிற்க வேண்டும்.

இனி, பாதி சாய்ந்தோ உளுத்தோ போய், வெட்டியே தீரவேண்டிய நிலையில் நிற்கும் மரத்துக்கு வருவோம். பொது இடத்து மரமானால் உரிய அதிகாரிகளின் அனுமதி பெற்ற பிறகே கை வைக்க வேண்டும். மரம் எந்தத் திசையில் விழ வேண்டுமோ அந்தத் திசையில், அடிமரத்தின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு, எதிர்ப்புறத்தில் அதைவிடச் சற்றே உயரத்தில் நேராக அறுத்து வரவேண்டும். ஆனால் இரண்டு வெட்டுகளும் சந்தித்துவிடக் கூடாது. குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு மரத்தை நடுவே விட்டுவைத்தால், அதுவே கதவுக்குக் கீலைப்போல நின்று, மரத்தைக் குறித்த திசைக்கு நிதானமாக இறக்கிவிடும். அவசரத்தில் அதையும் அறுத்துவிட்டால் மரம் யார் பேச்சையும் கேட்காது. வடம் கட்டி இழுப்பவர்கள் மரத்தின் உயரத்தைக் காட்டிலும் நீளமான வடத்தைக் கொண்டு, மரம் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். வடத்தை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்வது பிராணாபத்து. மரம் அசையத் தொடங்கியதும் அறுத்தவர் பின்புறமாகச் சாய்வாக விலகிச் செல்லும் பாதையை, முதல் வெட்டுக்கு முன்பே செத்தைகள் இல்லாமல் துப்புரவு செய்து வைத்திருக்க வேண்டும்.

கோடாரிக்காரர்கள் தங்கள் கருவியை நன்றாக அறிவார்கள்; மெஷின் ரம்பமோ வாடகைக்குக்கூட எளிதில் கிடைத்துவிடுவதால், பழகாதவர் கைக்கும் வந்துவிடுகிறது. அதன் நீண்ட தகட்டு நுனியின் மேற்பாதி எதிலாவது முட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் முழுவதும் ஓட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறும். இரு கைகளாலும் பிடித்து, இடது கட்டைவிரல் முன்கைப்பிடியை முழுக்கச் சுற்றியிருக்கும்படி வைத்துக்கொள்வதும், தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்காமலிருப்பதும், ஏணியில் நின்று அறுக்காமலிருப்பதும் இதற்காகத்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, தோளில் தொங்கும் துண்டோடு இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான், கனத்த பூட்ஸ், சங்கிலி பட்டால் அதைச் சிக்கவைத்து நிறுத்திவிடும் நார்கள் வைத்துத் தைத்த கால்சட்டை ஆகிய இவையெல்லாம், கூலிக்கு ஆள் வைப்பவர் வாங்கிக் கொடுக்க வேண்டிய சாதனங்கள். அது அவருடைய கடமை என்றே சொல்வேன்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. தலத்துக்கே பெயர் தந்த தில்லை மரம், பிச்சாவரத்து உப்பங்கழிகளில் இன்றும் வளர்கிறது. அங்குள்ள காடு பாதுகாக்கப்பட்டது. அதில் வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கழியோரப் பாதையில் புயலுக்கு முறிந்து விழுந்த தில்லையை நகர்த்த நேர்ந்தால், அதன் வெண்பால் கண்ணில் பட்டுப் பார்வையையே மறைத்துவிடக் கூடியது என்பதையும், தோலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதையும், அந்த விறகின் புகையும் கண்ணுக்கு ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டு, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது உத்தமம்.

தோப்புக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிளைகள் முறிந்த முந்திரியைப் பார்த்தவுடன், அது போய்விட்டதென்று அடியோடு அறுத்துத் தள்ளிவிடாதீர்கள். அடிமரத்தைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். துளைகளிலிருந்து பிசினும் மரத்தூள் போன்ற சக்கையும் வழிந்திருந்தால் தண்டு துளைக்கும் வண்டு உள்ளே புகுந்திருக்கிறதென்று அர்த்தம். வண்டின் தாக்குதல் முற்றிய மரத்தை எடுத்துவிடுவதே நல்லது. அப்படி ஒன்றும் இல்லாமல் வேர் ஸ்திரமாக இருந்தால், மரத்தை இடுப்பளவு உயரத்தில், தண்ணீர் தேங்காதபடி சற்றே சரிவாக அறுத்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசையைப் பூசி வையுங்கள். அடிக்கட்டையிலிருந்து வெடித்து வரும் தளிர்களில் வலுவான சிலவற்றை மட்டும், கட்டையைச் சுற்றிப் பரவலாக இருக்குமாறு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைக் கிள்ளிவிட்டு, நிறுத்திய தளிர்களின் மீது விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களில் ஒன்றை ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். பழைய வேரின் பலத்தில் வளர்வதால், புதுக்கன்று நட்டதைவிட விரைவில் அது காய்ப்புக்கு வரும்.