பன்னிரண்டாம் கால்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்நுட்பமும் கிராமமும்" என்று ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். பெரிய விஷயமெல்லாம் பேச எனக்குத் தெரியாது. ஒரு சின்னக் கோழிக் கொட்டகையைப் பற்றிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகூர் பக்கம் என் அத்தை நாட்டுக்கோழி வளர்க்கிறார். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையிலும் வெள்ளம். பாகூர் கொம்யூனில் எத்தனையோ பேருக்கு நெல் போனது. அத்தைக்குக் கோழி போனது. கடன் வாங்கி, மார்கழியில் மறுபடி 150 குஞ்சு இறக்கினார்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு பல்புதான் தாய். முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். அதற்காக அத்தை இரவெல்லாம் கொட்டகைப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. "எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நான் இருக்கேன், நீங்க உள்ள போய்ப் படுங்க அத்தை" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

ஈ.எஸ்.பி. 32 கேம் என்று ஒரு பலகை. தீப்பெட்டியை விடச் சின்னது. கேமரா, வைஃபை, மைக்ரோ கன்ட்ரோலர் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. அதோடு டி.எஸ். 18 பி 20 என்ற வெப்பச் சென்சாரைச் சேர்த்தேன். இதற்கு மூன்றே ஒயர்தான். தகவல் ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். போட்டேன். பலகையின் கால்களில் பெரும்பாலானவை கேமராவுக்கே போய்விடுகின்றன. மிச்சத்தில் 12-ஆம் கால் கைக்கு வாட்டமாக இருந்தது, அதில் கொடுத்தேன். வில்லியனூரில் என் வீட்டு மேஜையில் மூன்று நாள் ஓடியது. படம் வந்தது, சூடு வந்தது. 30 டிகிரிக்குக் கீழே போனால் போனுக்குச் செய்தியும் வந்தது. கொண்டுபோய் மாட்டினேன்.

ஐந்தாம் நாள் இரவு கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. ஒரு முறை வந்தபோது பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது. என் போனுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. காலையில் 11 குஞ்சு செத்துக் கிடந்தன. அத்தை என்னைத் திட்டவில்லை. "நான் வெளியவே படுத்திருக்கணும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பலகையை எடுத்து வந்து பார்த்தேன். உயிர் இல்லை. கம்ப்யூட்டரோடு இணைத்தால், ஃபிளாஷ் நினைவகத்தைப் படிக்க முடியவில்லை என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுகிறது. பலகை எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி வேறு பலகை போட்டேன். அதுவும் அப்படியே. சென்சாரை மாற்றினேன். அதுவும் அப்படியே.

அப்போதுதான் நம் ஆய்வகத்து அட்டெண்டர் ஐயா ஞாபகத்துக்கு வந்தார். "தம்பி, புதுசு வாங்கறதுக்கு முன்னால ஒவ்வொண்ணா கழட்டு. எதைக் கழட்டினா உயிர் வருதோ, அங்கதான் விஷயம்" என்பார். கழற்றினேன். சென்சார் ஒயரை உருவினால் பலகை எழுந்துவிடுகிறது! எழுந்த பிறகு சொருகினால் ஒழுங்காக ஓடுகிறது. சொருகியபடியே கரண்டை அணைத்துப் போட்டால் செத்துவிடுகிறது.

காரணம் இதுதான். இந்த மைக்ரோ கன்ட்ரோலர் விழிக்கும் கணத்தில் 12-ஆம் காலை ஒருமுறை பார்க்கும். அங்கே மின்னழுத்தம் இல்லையென்றால் நினைவகச் சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுக்கும், இருந்தால் 1.8 வோல்ட்தான் கொடுக்கும். இந்தப் பலகையில் இருப்பது 3.3 வோல்ட் சில்லு. நிரல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. என் ரெசிஸ்டரோ அந்தக் காலை எப்போதும் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ரெசிஸ்டர் சரி, சென்சார் சரி, பலகை சரி. சேர்த்த இடம்தான் தப்பு. மேஜையில் நான் எப்போதும் பலகையை ஓடவிட்டு, கடைசியாகத்தான் சென்சாரைச் சொருகுவேன். அதனால் மூன்று நாளும் தப்பு தெரியவே இல்லை. கரண்ட் போய் வருவதை நான் சோதிக்கவே இல்லை. எங்கள் ஊருக்கு ஒரு கருவி செய்பவன் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தானே?

ஒயரை 13-ஆம் காலுக்கு மாற்றினேன். மெமரி கார்டு போடாதவரை அது சும்மா இருக்கும் கால். இருபது முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இருபது முறையும் எழுந்தது.

கொட்டகையில் மாட்டியதும் மைனஸ் 127 டிகிரி என்று காட்டியது! பாகூரில் அவ்வளவு குளிரா என்று பயந்துவிடாதீர்கள். சென்சாரிடமிருந்து பதிலே இல்லை என்பதற்கு நிரல் தரும் எண் அது. ஒயர் முனை லூஸ். சால்டர் வைத்ததும் சரியாகிவிட்டது.

பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. திரையில் 34 டிகிரி. நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன். அத்தை போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "குஞ்சுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது பாரு. குளிருதுடா அதுங்களுக்கு" என்றார். "இல்ல அத்தை, சென்சார் 34 காட்டுதே!" "உன் சென்சார் எங்க இருக்கு? குஞ்சு எங்க இருக்கு?"

சென்சாரை ஐஸ் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டியது. சென்சாரில் குறை இல்லை. நான்தான் அதைப் பலகையோடு ஒரே டப்பாவுக்குள் வைத்திருந்தேன். வைஃபையும் கேமராவும் ஓடும்போது பலகையே சூடாகிவிடும். சென்சார் அந்தச் சூட்டை உண்மையாகத்தான் சொன்னது. தனியாக எடுத்து, குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டேன். 29 டிகிரி! இன்னொரு பல்பு போட்டதும் குஞ்சுகள் பிரிந்து தீவனத்துக்குப் போயின.

நண்பர்களே, எண் பொய் சொல்லாது. ஆனால் எந்த இடத்து எண் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல அத்தை மாதிரி ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று நம் கிராமத்துப் பிள்ளைகள் இந்தப் பலகைகளை வாங்கி என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். ஓடாவிட்டால், "எனக்கு இது வராது" என்று பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை நம்மில் இரண்டு பேர் ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் போதும். "ஒவ்வொண்ணா கழட்டு தம்பி" என்று நமக்குச் சொல்ல அன்றைக்கு ஒருவர் இருந்தார். அவர்களுக்கு நாம் இருப்போம். முதல் சனிக்கிழமைக்கு நான் பெயர் கொடுக்கிறேன்.

அத்தையின் 139 குஞ்சுகளில் பெரும்பாலானவை வளர்ந்து விலைக்குப் போய்விட்டன, கடனும் அடைந்தது. அத்தை இப்போது வீட்டுக்குள்ளேதான் படுக்கிறார். ஆனால் இரவில் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். நான் தடுப்பதில்லை.