கரிப்பு மணிகளும் என் பெரியம்மாவும்
(சங்கத்தின் புத்தகச் சந்திப்பில் பேசியது)

நான் சி பிளாக். சொந்த ஊர் சிக்கல். சிங்காரவேலர் கோயில் இருக்கும் நாகப்பட்டினத்துச் சிக்கல் இல்லை. இராமநாதபுரம் மாவட்டம், கடலாடிப் பக்கம். வாலிநோக்கம் உப்பளங்கள் எங்களுக்குத் தூரமில்லை.

போன மாதம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்தேன். 1979-இல் வந்த நாவல். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசி எழுதியிருக்கிறார். பொன்னாச்சி என்ற இளம்பெண் அளத்து வேலைக்குப் போகிறாள். வெயில், கூலி, அங்கே பெண்கள் படும் அவமானம் எல்லாம் வருகிறது.

எனக்குக் குறையும் உண்டு. சில இடங்களில் பாத்திரங்களை ஓரமாக நிறுத்திவிட்டு ஆசிரியரே பேசுகிறார். கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

ஆனால் உப்பு கையையும் காலையும் அரிப்பதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் பெரியம்மா உப்பு வாரியவர். லீவுக்குப் போனால், அவர் மட்டும் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார். "பெரியம்மா துரைசாணி ஆயிட்டாங்க" என்று பிள்ளைகள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். கை வெடிப்பில் குழம்பு பட்டால் எரியும் என்பது நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல அவர் இல்லை.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு அரிசி கேட்டு வருவார். இப்போது அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அவர் காலத்தில் அதுவும் இல்லை.

புத்தகத்தைச் சங்க அறையில் வைத்திருக்கிறேன். நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுங்கள். போன தடவை நான் வைத்த இரண்டு புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.