புள்ளி வண்டு சொன்ன பாடம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளி வாசல் செம்பருத்தியின் தளிர்களில் அசுவினி என்னும் செடிப்பேன் மொய்த்தது. இலைகள் சுருண்டு பிசுபிசுத்தன. அவற்றிடையே குட்டி முதலையைப் போலக் கறுத்த புழுக்கள் சில ஊர்ந்தன. "இதுதான் செடியைக் கெடுக்கிறது, நசுக்குங்கள்" என்றேன். மாணவர்களும் நசுக்கினார்கள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும், "சார், அது இலையைத் தின்னல, பேனைத்தான் தின்னுது" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. இரண்டே வாரத்தில் மொட்டுகள் வாடி உதிர்ந்தன.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். அவை புள்ளி வண்டின் குஞ்சுகள்! தாய் வண்டு அசுவினி இருக்குமிடம் பார்த்து மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடும். பொரித்து வரும் புழு அசுவினியைத் தின்றே வளரும். வண்டான பின்னும் அதே வேட்டைதான். அசுவினியோ, நம் வெப்ப நாட்டில் முட்டையிடாமலே குட்டி போட்டுப் பெருகும். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பும் காவல் நின்று வண்டை விரட்டும்.

"மருந்து அடிச்சா தீர்ந்துச்சே" என்பீர்கள். மருந்து நண்பனையும் சேர்த்துக் கொல்லும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் நெடுநாள் நிற்கும் நஞ்சுகளை அடித்தார்கள். பை கட்டித் தொங்கும் புழுவை அடக்கி வைத்திருந்த பூச்சிகள் மடிந்தன. புழு பெருகி ஓலைகளை அரித்தது. இன்று பல தோட்டங்களில் பாதையோரம் மஞ்சள் பூச்செடி நடுவது, அந்த நல்ல பூச்சிகளுக்குத் தேன் கிடைக்கத்தான்.

ஆகவே பெற்றோர்களே, வேலைக்காட்டில் மிஞ்சிய மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். தாகம் எடுத்த பிள்ளைக்கு அது மருந்தென்று தெரியாது. பூச்செடிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மீதியை வண்டு பார்த்துக்கொள்ளும்.

அந்த மாணவியின் பெயர் இன்றைய பரிசுப் பட்டியலில் இல்லை. கூர்ந்து பார்த்ததற்கும், ஆசிரியர் தவறியபோது துணிந்து சொன்னதற்கும் என் சொந்தப் பரிசாக ஒரு புத்தகம் தருகிறேன். வாம்மா, மேடைக்கு வா.