‘கிளாஸ்’ என்னும் ஒரு சொல்

 

வெள்ளி விழா மேடையில் ஆங்கிலப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். கரும்பலகையின் முன் நின்றே காலம் கழித்துவிட்ட நமக்கு வேறு பேசத் தெரியாது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே சொல்: ‘கிளாஸ்’. ஐந்து வயதுக் குழந்தையும் அறிந்த சொல். உச்ச நீதிமன்றம் பன்முறை அமர்ந்து ஆராய்ந்த சொல்லும் அதுவே.

பள்ளியில் பிள்ளைகள் அமரும் அறை கிளாஸ். அங்கு நடக்கும் பாடமும் கிளாஸ். பாடம் கேட்கும் பிள்ளைகள் அனைவரும் சேர்ந்தாலும் கிளாஸ். ‘தி கிளாஸ் இஸ் நாய்சி’ என்று ஆசிரியர் கூறினால் இரைச்சலிடுவது சுவர்கள் அல்ல. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ். தேநீர் நன்றாயிருந்தாலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். விலங்கியலில் பாலூட்டிகள் ஒரு கிளாஸ். வினைச்சொல்லாக வரின், இன்ன இனத்தில் சேர்த்தல் என்று பொருள். இதனோடு உறவுடைய ‘கிளாசிஃபைட்’ என்னும் சொல்லோ விந்தையானது. நாளிதழில் வந்தால் யாவரும் படிக்கவேண்டிய வரி விளம்பரம். அரசுக் கோப்பின் மேல் வந்தால் கண்டவர் படிக்கக்கூடாத இரகசியம்!

நம் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குவளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ‘கிளாஸ்’ என்றே எழுதுகிறோம். இரண்டிற்கும் யாதொரு உறவும் இல்லை, முதலெழுத்தே வேறு. ஆயினும் தேநீர்க் கடையில் நம்மவர்க்கெனத் தனிக் கிளாஸ் ஓரத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த ஊர்களில், ஒரு கிளாஸைக் கொண்டே மற்றொரு கிளாஸ் அறியப்பட்டது என்பதை இவ்வவையில் எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை.

இச்சொல்லின் தாய் இலத்தீன் மொழி. பண்டை உரோமை மன்னர் சர்வியஸ் துல்லியஸ் குடிமக்களை அவரவர் உடைமைக்கேற்ப ஐந்து பிரிவுகளாக வகுத்தார் என்பது அந்நாட்டு மரபு. முதற்பிரிவினரைக் குறித்த சொல்லே பின்னர்ச் சிறந்த நூல்களுக்குரிய ‘கிளாசிக்’ ஆயிற்று. 2004இல் தமிழைச் செம்மொழி என நடுவணரசு அறிவித்தபோது ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாசிக்கல்’ இவ்வழி வந்ததே. ஐந்து பிரிவிலும் இடம்பெறாத ஏழைகளை, பிள்ளைகளைப் பெற்றுத் தருவதன்றி நாட்டுக்கு ஈய வேறொன்றும் இல்லாதவர் என்னும் பொருளில் ‘புரோலடேரி’ என்றனர். அப்பெயரையே காரல் மார்க்சு எடுத்துத் தொழிலாளி வர்க்கத்திற்குச் சூட்டினார். ஆக, பிறந்த நாள்தொட்டே இச்சொல் மனிதனை வரிசையில் நிறுத்திய சொல்.

இரயில் வண்டியிலும் அப்படியே. இந்திய இரயில்வேயில் மூன்றாம் வகுப்பு 1974இல்தான் நீங்கியது. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்சுபர்கு நிலையத்தில் காந்தியடிகளின் கையில் முதல் வகுப்புச் சீட்டு இருந்தது. இருந்தும் கீழே இறக்கிவிட்டனர். சீட்டில் அச்சிட்ட கிளாஸ் வேறு, பிறர் நம்மிடம் காணும் கிளாஸ் வேறு.

இனி, இளைஞர்கள் சற்றே கூர்ந்து கேட்க வேண்டும். தமிழில் ‘வகுப்பு’ என்கிறோம். பள்ளி வகுப்பும் அதுவே. ‘வகுப்புவாரி உரிமை’ என்கையில் சாதி, சமயப் பிரிவும் அதுவே. ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’, ‘காஸ்ட்’, ‘கம்யூனிட்டி’ என மூன்றாக நிற்பவை நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. பேச்சில் இதனால் கேடில்லை. சட்டத்தில் உண்டு.

1916ஆம் ஆண்டு மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இருபத்தைந்து வயது மாணவராயிருந்த அண்ணல் அம்பேத்கர் ஓர் ஆய்வுரை படித்தார். சாதி என்பது பிறர் உட்புகாவண்ணம் கதவடைத்துக்கொண்ட ஒரு கிளாஸ் என்பதே அதன் கரு. அகமணமே அந்தக் கதவு. அக்காலத்தில் அரசேடுகள் நம்மை ‘டிப்ரெஸ்டு கிளாசஸ்’ என்றன. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் அப்பெயரின் சார்பாகவே அமர்ந்தனர். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில்தான் ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்’, அதாவது பட்டியல் சாதிகள், என்னும் பெயர் வந்தது. கிளாஸ் போய்க் காஸ்ட் வந்தது.

பெயர் மாறினால் என்ன என்பீர்கள். கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்கள் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் தேறக் கூடுதல் காலம் தரப்பட்டது. தாமஸ் என்னும் எழுத்தர் வழக்குத் தொடுத்தார். அரசுப் பணியில் சாதியை மட்டும் கொண்டு வேற்றுமை காட்டலாகாது என்பது அரசமைப்பின் 16ஆம் உறுப்பு. அங்ஙனமாயின் இச்சலுகை நிற்குமா? உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1975இல் உச்ச நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது. பட்டியல் சாதிகள் வழக்கமான பொருளில் சாதி அல்ல, பின்தங்கிய ஒரு கிளாஸ் என்னும் விளக்கம் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. காஸ்ட் எனப் பெயர் பெற்றவர்கள் மீண்டும் கிளாஸ் ஆயினர். எளிய எழுத்தர்களின் பதவி உயர்வு அந்த வேறுபாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதே விளக்கம் பின்னர் வேறு பக்கம் திரும்பியது. எல்லாரும் ஒரே கிளாஸ் எனில் அதனை உட்பிரிவு செய்யலாமா என்ற வினா எழுந்தது. ஆந்திரச் சட்டம் ஒன்றை ஆராய்ந்து, செய்யலாகாது என்று 2004இல் ஐந்து நீதிபதிகள் கூறினர். நம் மாநிலத்தில் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமாயிற்று. 2024 ஆகஸ்டு முதல் நாள், எழுவர் அமர்ந்த ஆயத்தில் அறுவர், பட்டியலில் உள்ளோர் அனைவரும் ஒரே தன்மையான கிளாஸ் அல்லர், உட்பிரிவு செய்யலாம் என்று முந்தைய தீர்ப்பை மாற்றினர், ஒருவர் மாறுபட்டார். இதில் நம்மிடையே இருவேறு கருத்துகள் உண்டு என்பதை நாம் அறிவோம். இருதரப்பாரும் தீர்ப்பைப் படித்துவிட்டு வாதிட்டால் நன்று என்பதே நம் எண்ணம். செவிவழிச் செய்தியைக் கொண்டு வாதிடுவோரே மிகுதியாக இருக்கிறார்கள்.

தீர்ப்பு நீண்டது, ஆங்கிலத்தில் உள்ளது. உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மேல்நிலை, கல்லூரி மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பக்கமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ‘கிளாஸ்’ என்னும் சொல் வருமிடமெல்லாம் அடிக்கோடிட்டு, அங்கு அது எப்பொருளில் நிற்கிறது என்று ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். விழா முடிந்த அடுத்த ஞாயிறு மாலை, கழகக் கட்டடத்தில் கூடுவோம். அகராதிகளை நாம் கொண்டுவருகிறோம்.